ஸ்கேனுக்கு முன்னால் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் குடியாத்தத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். பேப்பருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வியாழக்கிழமை சாயங்காலம் நடந்த ஒரு விஷயம்தான் எழுத வைத்தது.

பின் தெருவில் இருக்கும் ஒரு பெண், ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை வேலூரில் குழந்தைக்குக் கிட்னி ஸ்கேன். வயிற்றில் ஜெல் தடவி எடுப்பது இல்லை, ஊசி போட்டு எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன். கையில் ஒரு தாள், முழுக்க இங்கிலீஷ். "அக்கா, உங்க பையனுக்கும் இதைத்தானே எடுத்தீங்க? ராத்திரி ஒன்பது மணியோட பாலை நிறுத்திடலாம்னு இருக்கேன். காலையில தண்ணியும் கொடுக்கக் கூடாதுதானே?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பைச் செய்யத்தான் அவளும் கிளம்பியிருந்தாள்.

என் மகன் வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாத ஸ்கேனிலேயே இடது கிட்னியில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிறந்த பிறகு இரண்டு தடவை பார்த்தும் வீக்கம் குறையவில்லை. கிட்னியிலிருந்து சிறுநீர்க் குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் சுருக்கம் இருக்கலாம், அது நிஜமான அடைப்பா, தானாகச் சரியாகிவிடும் வெறும் வீக்கமா என்பது சாதாரண ஸ்கேனில் தெரியாது, நியூக்ளியர் ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார் டாக்டர். என் நாத்தனார் வீடு பெரம்பூரில் இருந்ததால் சென்னையில் ஒரு இடத்தில் தேதி வாங்கினோம். அந்த இடத்தின் பெயரை எழுத எனக்கு விருப்பம் இல்லை.

அங்கேயும் ஒரு இங்கிலீஷ் தாள்தான் கொடுத்தார்கள். போனில் கேட்டதற்கு "காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க" என்பதோடு சரி. வயிற்று ஸ்கேன் என்றால் வெறும் வயிறு என்பது எங்களுக்குப் பழகிப்போன கணக்கு. அந்தக் கணக்கில், குழந்தைக்கு ராத்திரி பத்து மணிக்குமேல் பால் கொடுக்கவில்லை. மே மாசம். விடிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் குழந்தை காட்பாடி தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்து, அரக்கோணம் வரும்போது அழக்கூடத் தெம்பில்லாமல் என் தோளில் துவண்டு கிடந்தது. மார்பில் பால் கட்டி எனக்கு வலி. பால் கொடுத்தால் படம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே போனால், மருந்து ஏற்ற வென்ஃப்ளான் என்கிற சின்னக் குழாய் ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை. நாலு இடத்தில் குத்தினார்கள். உதடு காய்ந்து கிடப்பதைப் பார்த்த ஒரு நர்ஸ் அம்மாதான், "ஏம்மா, குழந்தைக்கு எதுவும் கொடுக்கலையா? இதுக்கு நல்லா குடிக்க வச்சுக் கூட்டிட்டு வரணும்னு எழுதிக் கொடுத்திருக்கே!" என்றார். எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். 'வெல் ஹைட்ரேட்டட்' என்று ஒரு வரி. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. மாதுளம்பழ ஜூஸா, ஊசியா, எதையோ சொல்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

அவசரமாகக் கொஞ்சம் பால் கொடுக்க வைத்து ஸ்கேனை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் என்ன வந்தது தெரியுமா? ஊசியில் போட்ட மருந்து கிட்னியிலிருந்து வெளியேறுவது தாமதமாகிறது, உடம்பில் நீர் குறைவாக இருந்ததாலும் இப்படி வரலாம், போதுமான நீர்ச்சத்தோடு மறுபடி எடுத்துப் பார்க்கவும். அதாவது அடைப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அப்படியே நின்றது. மறுபடி எடுக்க மூன்று மாசம் ஆனது. ஒவ்வொரு நாளும் டயப்பர் நனைந்திருக்கிறதா என்று ராத்திரி எழுந்து எழுந்து தொட்டுப் பார்த்த மூன்று மாசம் அது. செலவானதும் வேலை கெட்டதும் தனி.

இரண்டாவது தடவை வேலூரிலேயே எடுத்தோம். அங்கே இருந்த ஒரு டெக்னீஷியன் தம்பி, முந்தின நாளே போன் போட்டுத் தமிழில் சொன்னார். "வழக்கம்போல பால் கொடுங்கம்மா. பஸ்ஸிலும் கொடுங்க. வந்தப்புறமும் கொடுத்துட்டே இருங்க. டயப்பர் நாலஞ்சு எக்ஸ்ட்ரா எடுத்துக்கங்க. குழந்தைக்குப் பழகின பொம்மை ஒண்ணு கொண்டு வாங்க. கூட வர்றவங்கள்ல யாராவது மாசமா இருந்தா உள்ளே வர வேணாம்." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் தங்கை அப்போது ஆறு மாசம், அவள்தான் கூட வருவதாக இருந்தது. அவளுக்குப் பதில் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போனேன்.

குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால் பால் கணக்கு மாறும் என்றும் அவர் சொன்னார். ஆகவே இதைப் படிக்கும் தாய்மார்கள் என் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், எடுக்கப்போகும் இடத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மாமியாரை உள்ளே வர வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கதவில் மஞ்சள் அட்டையில் மூன்று இறக்கை போட்ட கதிரியக்க அடையாளம் இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். அணு என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கல்பாக்கமும் அணுகுண்டும்தான் நினைவுக்கு வரும். "ஆம்பளப் புள்ள, நாளைக்கு இவனுக்குப் புள்ள பொறக்குமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போனது. ஆனால் அந்தத் தம்பி முகம் சுளிக்கவில்லை. என் மாமியார் வீட்டில் மாடு இருக்கிறது என்று தெரிந்ததும் அதை வைத்தே விளக்கினார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊசியில் போடும் கதிர் மருந்தின் பெயர் டெக்னீஷியம். அது பாட்டிலில் அடைத்துக் கடையில் விற்கிற மருந்து இல்லை. மாலிப்டினம் என்ற இன்னொரு பொருளிலிருந்து ஊறி வருவது. ஈயக் கவசம் போட்ட ஒரு சின்னப் பெட்டி, மும்பையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும். அதன் பெயர் ஜெனரேட்டர். அதை அவர்கள் மாடு என்றே சொல்வார்களாம். தினமும் காலையில் உப்புத் தண்ணீரை விட்டு டெக்னீஷியத்தைக் கறந்து எடுப்பார்கள். கறந்துவிட்டால் மறுபடி மடி நிறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மாலிப்டினம் இரண்டே முக்கால் நாளில் பாதியாகிவிடும், அதனால் வாரக் கடைசியில் மாடு வற்றிப்போகும், அடுத்த பெட்டி வர வேண்டும். கறந்த டெக்னீஷியமோ இன்னும் வேகம். 6 மணி நேரத்தில் பாதி, 12 மணி நேரத்தில் கால், ஒரு நாள் முடியும்போது பதினாறில் ஒரு பங்கு. அதற்குள் பெரும்பகுதி மூத்திரத்தில் போய்விடும். "கறந்த பாலை நாளைக்கு வச்சுக்க முடியாது பாட்டி, உங்க பேரன் எடைக்குன்னு அளந்து வச்சது இன்னைக்கே போட்டாகணும்" என்றார். தேதி தவறினால் ஏன் அவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என் பயத்தைப் போக்கியது. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் மிஷின் கதிரை விடும். இங்கே மிஷின் எதையும் விடுவதில்லை. உடம்புக்குள் இருக்கும் மருந்திலிருந்து வரும் கதிரை வாங்கிப் படமாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே குழந்தையை அடியில் எவ்வளவு நேரம் படுக்க வைத்தாலும், எத்தனை படம் எடுத்தாலும் கூடுதலாக எதுவும் சேராது. ஊசியில் போன அளவுதான் அளவு. அந்த அளவும், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு வருஷத்தில் நம் எல்லோர் உடம்பிலும் தானாகச் சேரும் கதிரைவிடக் குறைவு. என் மாமியார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். சத்தமே இல்லாத மிஷின். பக்கத்தில் இருந்த திரையில் முதலில் நெஞ்சுப் பக்கம் ஒரு மினுக்கல், இரண்டு மூன்று நிமிஷத்தில் அவரைக்கொட்டை மாதிரி இரண்டு கிட்னியும் தெரிந்தன. வலது பக்கம் பளிச்சென்று ஏறி, பிறகு மெல்ல மங்கி, கீழே மூத்திரப்பையில் வெளிச்சம் சேர ஆரம்பித்தது. இடது பக்கம் மங்கலாக ஏறியது, ஏறியது அப்படியே நின்றது. 20 நிமிஷம் கழித்து லாசிக்ஸ் ஊசி போட்டார்கள். மூத்திரத்தை வேகமாகத் தள்ளும் மருந்து அது. வெறும் வீக்கமாக இருந்தால் அந்த வேகத்தில் கழுவிக்கொண்டு போய்விடுமாம். டயப்பர் நனைந்து வழிந்தது, இடது பக்கத்து வெளிச்சம் மட்டும் இறங்கவில்லை. ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு கிட்னியும் வேலையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும், 45-க்கும் 55-க்கும் நடுவில் இருந்தால் சரி என்றார்கள். என் மகனுக்கு இடது 34, வலது 66. தையல்காரியாகச் சொல்கிறேன், மிஷினை அளந்து பார்த்தால் நீளம் அகலம் தெரியும், தையல் விழுகிறதா என்பது துணியை வைத்து ஓட்டினால்தான் தெரியும். இந்த ஸ்கேன் ஓட்டிப் பார்க்கிற ஸ்கேன். அந்த 34 என்ற ஒரு எண்ணை வைத்துத்தான் ஆபரேஷன் முடிவானது. சுருங்கிய இடத்தை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். ஆறு மாசம் கழித்து மறுபடி எடுத்தபோது இடது 38. அதைவிட முக்கியம், லாசிக்ஸ் போட்டதும் வெளிச்சம் சரசரவென்று இறங்கியது. அவன் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

இது என் வீட்டோடு முடிகிற கதையாக இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இப்படி ஸ்கேனுக்குக் காத்திருக்கும் ஹாலில் மூன்று தடவை நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். நியூக்ளியர் ஸ்கேன் என்ற ஒரே பெயரில் எத்தனையோ இருக்கின்றன, ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்கு நேர் எதிர். என் பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரணிக்காரப் பெண்ணின் குழந்தை சில மணி நேரம் பட்டினி இருந்தாக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பித்தநீர் ஸ்கேன். எதிரில் சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர், சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதற்காக மருந்து கலந்த இட்லியையே சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பெண்குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சலோடு மூத்திரத்தில் கிருமி. அது கிட்னியில் தழும்பு விட்டிருக்கிறதா என்று பார்க்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன், ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படமே எடுப்பார்கள். அவர்கள் ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று வெளியே போய்விட்டார்கள், ஆளை அனுப்பித் தேடிக் கூட்டிவந்தார்கள்.

அந்த ஆரணிக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நெசவுக் குடும்பம். குழந்தை பிறந்து 50 நாள், கண்ணெல்லாம் மஞ்சள், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து இருக்கிறது என்றாள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே ஒரு மாசத்தைக் கடத்தியிருக்கிறார்கள். கல்லீரலிலிருந்து பித்தநீர் குடலுக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் ஸ்கேன் அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் சில நாள் ஒரு சிரப் கொடுக்கச் சொன்னார்கள். மருந்துக் கடைக்காரர், இது வலிப்புக்குக் கொடுப்பது, தூக்கம் வரும் என்று சொல்லியிருக்கிறார். பெரியவர்கள், "மஞ்சக் காமாலைக்கு எதுக்கு வலிப்பு மருந்து? பச்சைக் குழந்தைக்குத் தூக்க மருந்தா?" என்று இரண்டாவது நாளே நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து கல்லீரலைத் தூண்டிப் பித்தநீரைத் தள்ள வைக்கும், அது இல்லாமல் எடுத்தால் நல்ல குழாயும் அடைத்த குழாய் மாதிரி தெரிந்துவிடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஸ்கேன் தள்ளிப்போனது. பித்தநீர்க் குழாயே இல்லாத குழந்தையாக இருந்தால் 60 நாளுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்று உள்ளே டாக்டர் பேசியது எங்கள் காதிலும் விழுந்தது. அவள் விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் வெளுத்துப் போகிற குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள் என்று உங்கள் பேப்பரில் ஒரு வரி போட்டாலே போதும், ஒரு குழந்தையாவது பிழைக்கும்.

வேலூர் மருத்துவத்துக்குப் பேர் போன ஊர். இந்தியாவில் முதன்முதலாகக் கிட்னி மாற்று அறுவை சிகிச்சை வெற்றியாக நடந்தது 1971-ல் இங்கேதான். வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ வருகிறார்கள். லாட்ஜ் போர்டும் ஓட்டல் போர்டும் வங்காள எழுத்தில் இருக்கின்றன. சோறு விற்பவர் வந்தவரின் மொழியில் எழுதி வைக்கிறார். அதே ஊருக்கு ஸ்கேனுக்கு வருகிற குடியாத்தம், பேரணாம்பட்டு, போளூர் ஜனங்கள் கையில் இங்கிலீஷ் தாளோடு ஆட்டோக்காரரிடமும் மெடிக்கல் ஷாப்காரரிடமும் அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வங்காளத்திலிருந்து வருகிற தாய்க்கும் இதே பாடுதான், அவர்களுக்கும் அவர்கள் மொழியில் வேண்டும்.

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், வேலூரிலிருந்து எங்கள் குடியாத்தம் சாலையில் வாராவாரம் வந்து, வழியில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார் என்று என் தாத்தா சொல்வார். வந்தவர்களிடம் தமிழில் பேசியிருக்கிறார். இந்தச் சாலையில் வைத்தியம் எங்கள் மொழியில்தான் ஆரம்பித்தது.

நான் கேட்பது சின்ன விஷயம். இந்த ஸ்கேன் எடுக்கும் எல்லா இடத்திலும், தேதி கொடுக்கும் அன்றே, அந்த ஒரு ஸ்கேனுக்கு மட்டும் உரிய தமிழ்த் தாள் ஒன்று கொடுக்க வேண்டும். எல்லா ஸ்கேனையும் ஒரே தாளில் போட்டுக் குழப்ப வேண்டாம். சாப்பிடலாமா, குடிக்கலாமா, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது, எத்தனை மணி நேரம் ஆகும், யார் கூட வரக் கூடாது, இவ்வளவுதான். பெரிய எழுத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், இப்போது எல்லார் வீட்டிலும் ஒரு போனாவது இருக்கிறது. முடிந்தால் முந்தின நாள் ஒரு போன். எனக்கு அந்தத் தம்பி செய்ததைப்போல. அனுப்பி வைக்கிற எங்கள் ஊர் டாக்டர்களும் எழுதிக் கொடுக்கும்போதே இரண்டு வார்த்தை சொல்லலாம். "ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேன், போய்ட்டு வாங்க" என்றால் எங்களுக்கு எதுவும் விளங்குவதில்லை. ஒரு தடவை வீணாகப் போனால் குழந்தைக்கு இன்னொரு தடவை குத்த வேண்டும், இன்னொரு தடவை கதிர் மருந்து ஏற்ற வேண்டும், ஒரு வார நெசவுக் கூலியோ பீடிக் கூலியோ மறுபடி பஸ்ஸுக்கும் ஸ்கேனுக்கும் போகும்.

வியாழக்கிழமை வந்த பெண்ணுக்கு அந்தத் தாளை என் மூத்த மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். பன்னிரண்டாவது படிக்கிறாள், அவளுக்குப் புரிந்தது. பாலை நிறுத்தாதே, ஆனாலும் அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று சொல்லி, தாளில் இருந்த நம்பருக்கு என் போனிலிருந்தே பேச வைத்தேன். நல்லா கொடுத்துக் கூட்டிட்டு வாங்க என்றார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேலூரிலிருந்து பேசினாள். பஸ்ஸிலேயே இரண்டு தடவை கொடுத்தாளாம். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிட்டதாம். ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை.

என் மகனின் நோய் விவரம் இதில் இருப்பதால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.